கிள்ளான் துறைமுகமும் இளைஞர் தொண்டும்

கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து 1901ஆம் ஆண்டில் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. நெடுங்காலம் அதற்குச் சுவெட்டன்ஹம் துறைமுகம் என்று பெயர். 1972இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மலேசியத் தமிழர்களுள் பலருடைய குடும்ப வரலாறு இத்துறையில் தொடங்குகின்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்ட கப்பல்கள் கங்காணி சேர்த்த ஆட்களைப் பினாங்கிலும் இங்கும் இறக்கிச் சென்றன. 1926இல் கட்டப்பெற்று, 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா என்னும் கப்பலை அறியாத முதியவர் கிள்ளானில் அரியர்.

ரஜூலா ஓய்ந்த காலத்திலேயே மற்றொரு கப்பல் கிழக்கிலிருந்து புறப்பட்டது. 1974இல் ஜப்பானும், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் உடன்பட்டு நடத்தத் தொடங்கிய தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் அது. பல நாட்டு இளைஞர்கள் அதில் ஒருங்கே வாழ்ந்து, வகுப்பமைத்து விவாதித்து, துறைதோறும் இறங்கி, அவ்வூர்க் குடும்பங்களில் ஓரிரு நாள் பிள்ளைகளாகத் தங்கிச் சென்றனர். கிள்ளான் துறையிலும் அக்கப்பல் நங்கூரம் பாய்ச்சியது.

ஒரே துறை, இருவகைக் கப்பல். முன்னதில் வந்தவர் அழைத்து வரப்பட்டவர். பின்னதில் வந்தவர் தாமே விரும்பி வந்தவர். அழைத்து வரப்பட்டவரின் பேரப் பிள்ளைகள், விரும்பிச் செல்வோர் வரிசையில் இடம் பெற்றனரா? இவ்வினாவை முன்வைத்து, கோலாலம்பூர்–கிள்ளான் வட்டாரத்தில் உலகத் தொண்டு இயக்கங்கள் கால்கொண்ட வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

உழவாரமும் மண்வெட்டியும்

தொண்டு என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சுந்தரர் அடியார் வரிசையைப் பாடிய நூலுக்குத் திருத்தொண்டத்தொகை என்பதே பெயர். அவ்வடியாருள் ஒருவராகிய திருநாவுக்கரசர் கையில் ஏந்திய கருவி உழவாரம். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் அக்கருவியை ‘உழவாரப் படை’ என்று வழங்குவது மரபு. படை என்னும் சொல் ஆயுதத்தையும் குறிக்கும், ஏரையும் குறிக்கும். அழிக்கும் கருவிக்கும் ஆக்கும் கருவிக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது நோக்கத் தக்கது.

இக்கருத்தை அறியாமலேயே, ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல். 1879இல் பிறந்த அவர் ஒரு பொறியாளர். அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஒருவரின் மகன். படைக்காக விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றவர். முதல் உலகப் போர் முடிந்தபின், வெர்டூன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில், 1920ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு வேலை முகாம் அமைத்தார். இடிந்த வீடுகளைச் சீர்செய்வது பணி. அதில் ஜெர்மானியரும் சேர்ந்து உழைத்தனர். இரண்டாண்டுக்கு முன் பகைவராய் நின்ற நாட்டவர் கையில் மண்வெட்டியுடன் வந்ததை எல்லோரும் வரவேற்றாரல்லர். எதிர்ப்பு மிகவே, சில திங்களில் முகாம் கலைந்தது. எனினும் கருத்துக் கலையவில்லை. அதுவே சர்வதேசக் குடிமைத் தொண்டு என்னும் இயக்கமாக வளர்ந்தது. வாளை முறிக்கும் மண்வெட்டி அதன் சின்னம்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. துயர் துடைப்புப் பணியை இராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்தினார். காந்தியடிகளை 1931இல் சுவிட்சர்லாந்தில் சந்தித்திருந்த செரசோல், தோழர் சிலருடன் பீகார் சென்று, 1937 வரையில் பன்முறை தங்கி, ஊர்களை மீண்டும் எழுப்பும் பணியில் ஈடுபட்டார். ஐரோப்பியர் ஆசியாவுக்கு ஆள வந்த காலம் அது. மண் சுமக்க வந்த ஐரோப்பியரை மக்கள் வியப்போடு பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. பின்னர் இந்தியா, இலங்கை, ஜப்பான், மலேசியா ஆகிய நாடுகளிலும் இவ்வியக்கம் கிளைவிட்டது.

இத்தகைய அமைப்புகள் பலவாகப் பெருகவே, அவற்றை இணைக்க ஒரு நடுவம் தேவையாயிற்று. 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பாரிஸ் நகரில் சர்வதேசத் தன்னார்வத் தொண்டு ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. அதன் முறை எளியது. ஒரு நாட்டு அமைப்புத் தன் நாட்டில் நடக்கவிருக்கும் முகாம்களைப் பிற நாட்டு அமைப்புகளுக்கு அறிவிக்கும். அவை தத்தம் இளைஞரைத் தேர்ந்து அனுப்பும். பயணச் செலவு பெரும்பாலும் செல்பவரைச் சார்ந்தது. உணவும் உறைவிடமும் அழைப்பவர் பொறுப்பு. இரண்டு மூன்று வாரம், பத்து இருபது பேர், ஒரே நாட்டினர் மிகாதவாறு கலப்பு, ஒரு பொதுப்பணி. கூலி கிடையாது. இவ்வளவே.

பிரிக்பீல்ட்ஸில் இரு நிலையங்கள்

இவ்வியக்கங்கள் தோன்றுமுன்பே, கோலாலம்பூர்த் தமிழர் உலகத் தொண்டமைப்புகளை அறிந்திருந்தனர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் வட்டாரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர் குடியிருப்பாக மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அலுவலர்களும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே வாழ்ந்தனர். விவேகானந்தர் மறைந்து இரண்டாண்டுக்குள், 1904இல், யாழ்ப்பாணத் தமிழர் அங்கு விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். 1897இல் கல்கத்தாவில் தோன்றிய இராமகிருஷ்ண இயக்கத்தின் தொண்டு நெறி அவர்கட்கு வழிகாட்டியாக இருந்தது. ஆசிரமத்தின் சார்பில் பள்ளிகளும் எழுந்தன.

அடுத்த ஆண்டு, 1905இல், கோலாலம்பூரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தொடங்கப்பட்டது. 1844இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் நண்பரோடு கூடி அமைத்த சங்கம் அது. 1855இல் பாரிஸில் உலகக் கூட்டமைப்பாயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதல்வரான ஆன்றி தூனாந்த், ஜெனீவாவில் இச்சங்கத்தை வளர்த்தவர் என்பதும் அறியத்தக்கது. இன்று அதன் கோலாலம்பூர் நிலையம் பிரிக்பீல்ட்ஸில் பாடாங் பெலியா சாலையில் இருக்கின்றது. ‘பெலியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு இளைஞர் என்பதே பொருள்.

இவ்விரு நிலையங்களும் சமயத்தால் வேறுபட்டவை. ஆயினும் வேர் ஓரிடத்தும் கிளை ஓரிடத்தும் உடையனவாய், ஊர் கடந்த உறவைப் பிரிக்பீல்ட்ஸ் இளைஞர்க்குக் காட்டியவை. வெளியிலிருந்து வரும் அமைப்பு எவ்வாறு வேர் பிடிக்கின்றது என்பதற்குத் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. 1890இல் சென்னைக்கு வந்த வாலிபர் சங்கம், நகரத்துப் படிப்பகமாகவே நின்றிருக்கலாம். சேலத்தில் பிறந்த கே. டி. பால் அதன் இந்தியப் பொதுச்செயலாளரானபின், அது சிற்றூரை நோக்கித் திரும்பியது. 1921இல் மார்த்தாண்டத்தில் ஊர்ச் சீரமைப்பு நிலையம் தோன்றியது. அங்கே உழவர்கட்குக் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் கற்பித்தனர். மார்த்தாண்டத்துத் தேன் பெயர் பெற்றதற்கு அதுவே அடிப்படை. நகரத்து மண்டபத்தை விட்டு இறங்கி உழவன் முற்றத்துக்குப் போனபோதுதான் அச்சங்கம் ஊரார்க்கு உரியதாயிற்று.

தோட்டத்து இளைஞர்

பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் தொலைவு மிகுதியன்று. வாழ்க்கைத் தொலைவோ பெரிது. தோட்டத்து இளைஞர்க்குச் சங்க மண்டபம் இல்லை. சாராயத்துக்கு மாற்றாக நிர்வாகமே வைத்த கள்ளுக்கடை உண்டு. அவர்கள் தொண்டுணர்வு அற்றவர்களாக இருந்தார்களா?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளரைத் திரட்டினார். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. பிள்ளைகட்குக் கல்வி வேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடுக என்றனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிக என்றனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

போருக்குப்பின் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையை அமைத்தார். கள்ளுண்ணாமையும் ஒழுக்கமும் தோட்டத் தூய்மையும் அதன் நோக்கம். இளைஞர்கள் வரிசை நின்று பயிற்சி பெற்றனர். 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் நேர்ந்து, அரசு அப்படையை ஒடுக்கியது. ‘தொண்டர் படை’ என்னும் பெயரிலும் அந்தப் பழைய ‘படை’ இருக்கக் காண்கின்றோம். ஊதியமின்றிப் பொதுப்பணி செய்ய முன்வந்த இளைஞர் தோட்டங்களில் இருந்தனர். அவர்களை உலகத்தோடு இணைக்கும் பாலம் இருக்கவில்லை.

போர் தந்த பாடம்

இடையே நேர்ந்த கொடுமையையும் சொல்லவேண்டும். 1942–43இல் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவாலும் பட்டினியாலும் மாண்டவர் பலர்; திரும்பியவர் சிலர். தோட்டங்களில் தாயும் தந்தையும் இழந்த பிள்ளைகள் எஞ்சினர்.

1946இல் இந்தியக் காங்கிரஸ் மலாயாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நேருவும் வந்து மக்களைக் கண்டார். வந்த உதவி வந்தவாறே திரும்பியது. ஆனால் உள்ளூரிலேயே ஒரு முயற்சி முளைத்து நிலைத்தது. ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தர், கோலாலம்பூர்ப் பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை அமைத்தார். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கே அடைக்கலம் பெற்றனர். 1961இல் அவர் மறைந்தபின், அன்னை மங்களம் அப்பணியைத் தாங்கி, 2023இல் தம் மறைவு வரையில் அதற்கே வாழ்ந்தார். இன வேறுபாடு பாராமல் பிள்ளைகளை ஏற்றது அவ்வில்லம்.

வந்த தொண்டர்கள்

1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பவர் வெளிநாட்டுத் தன்னார்வத் தொண்டு என்னும் அமைப்பைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடித்துப் பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு பிற நாட்டில் பணிபுரிய இளைஞரை அனுப்புவது அதன் திட்டம். முதலில் சென்றவர் சிலர் வந்து சேர்ந்த நாடு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சரவாக். 1961 மார்ச்சு முதல் நாள் கென்னடி அமெரிக்க அமைதிப் படையை அமைத்தார். 1962 ஜனவரியில் அதன் முதற்குழு மலாயா வந்தது. ஆசிரியராகவும் செவிலியராகவும், பின்னர்க் காசநோய் ஒழிப்புப் பணியாளராகவும், 1983 வரையில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் பணியாற்றினர்.

1965இல் ஜப்பான் தன் வெளிநாட்டுத் தொண்டர் அமைப்பை உருவாக்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவ்விளைஞர்கள் மலேசியா வந்தனர். சயாம் ரயில்பாதை முடிந்து இருபத்து மூன்று ஆண்டுகூட நிரம்பவில்லை. எஸ்ன் சிற்றூரில் ஜெர்மானியர் மண்வெட்டியோடு நின்ற காட்சி நம் நினைவுக்கு வருகின்றது. வந்த இளைஞர் போரை நடத்தியவரல்லர். பலர் அன்று சிறு குழந்தைகள். இழந்தவர் இழந்ததை அவர்கள் மீட்டுத் தர இயலாது. ஆயினும் ஒரு தலைமுறை வாளோடு வந்த நாட்டுக்கு, அடுத்த தலைமுறை கருவியோடு வந்தது என்னும் உண்மையை வரலாறு குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சென்ற இளைஞர்கள்

இனி, இங்கிருந்து சென்றவரைக் காண்போம். 1948இல் மலாயா இளைஞர் மன்றம் அமைந்தது. அதுவே இன்றைய மலேசிய இளைஞர் மன்றம். 1949இல் தோன்றிய உலக இளைஞர் பேரவை 1954இல் சிங்கப்பூரிலும் 1958இல் புதுதில்லியிலும் கூடியது. இன்று அப்பேரவையின் தலைமையகம் மலாக்காவில் இருக்கின்றது. முதல் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்த அமெரிக்க ஊர்தி ஓட்டுநர் குழுவொன்று, இரண்டாம் போருக்குப்பின் மாணவர் பரிமாற்ற அமைப்பாக மாறியது. ஏ.எஃப்.எஸ். எனப்படும் அவ்வமைப்பு 1950களின் இறுதியிலிருந்து இந்நாட்டு மாணவரையும் அயல்நாட்டு இல்லங்களுக்கு அனுப்பிவந்துள்ளது. 1999இல் கோசோவோப் போரையடுத்துக் கோலாலம்பூரில் பிறந்த மெர்சி மலேசியா, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப்பின் அச்சேயிலும் இலங்கையிலும் பணிபுரிந்தது. தொண்டரைப் பெற்ற நாடு, தொண்டரை அனுப்பும் நாடாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பங்கு எவ்வளவு? பரிமாற்றத்துக்குச் செல்வோர்க்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணினாலே விடை புலப்படும். முதலாவது, கடவுச்சீட்டு. 1957க்குப்பின் குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற தமிழர் பலர்; 1969க்குப்பின் வேலை அனுமதி பெறாமல் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அவர்தம் பிள்ளைக்குக் கடல் கடக்கும் உரிமைச் சீட்டு எங்கிருந்து வரும்? இரண்டாவது, ஆங்கிலமோ மலாய்மொழியோ பேசும் ஆற்றல். தோட்டத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றவர்க்கு அது கிட்டவில்லை. மூன்றாவது, ஓராண்டோ ஒரு திங்களோ கூலியின்றி இருக்கக்கூடிய குடும்ப வசதி. நான்காவது, இத்தகைய வாய்ப்பு உண்டு என்னும் செய்தி. இந்நான்கும் நகரத்தில் இருந்தன; தோட்டத்தில் இல்லை. கூலி வாங்காமல் உழைப்பது தொண்டு என்றால், அதற்கும் ஒரு முதல் தேவைப்படுகின்றது. அந்த முதல் இல்லாதவனை உலக அமைப்புகள் உதவி பெறுவோன் என்றே எண்ணின. உதவி செய்யக் கூடியவன் என எண்ணவில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்பியவை நம் மணிமன்றங்கள். கோ. சாரங்கபாணியார் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர்க்கென மணிமன்றப் பகுதியை ஏற்படுத்தியது. இதழில் எழுதிப் பழகிய மாணவர்கள் தத்தம் ஊரில் மன்றம் அமைத்தனர். அவையே தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்தன. சொற்போரும் படிப்பகமும் விளையாட்டும் தோட்டத்து இளைஞனுக்கு அங்கே கிடைத்தன. கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், அயலூர் மன்றத்தோடு கடிதப் போக்குவரத்துச் செய்யவும் அவன் கற்றான். உலக அமைப்பு ஒன்று தன் இளைஞரிடம் எதிர்பார்க்கும் பயிற்சி இதுவே அன்றோ?

ஆசிரியர் கையில் உள்ளது

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. உலகத் தொடர்பு மட்டும் உடைய அமைப்பு நகரத்தோடு நின்றுவிடும். ஊர் வேர் மட்டும் உடைய அமைப்பு, தொண்டர் படைபோல், துணையின்றித் தனித்து ஒடுங்கும். இரண்டும் இணையும் இடத்தில்தான் தோட்டத்துப் பிள்ளையும் உலக வரிசையில் நிற்க இயலும். அவ்விணைப்பைச் செய்யத் தக்கவர் தமிழாசிரியரே. ஊரையும் அறிந்தவர் அவர். செய்தித்தாளையும் படிப்பவர் அவர்.

நாம் செய்யக்கூடியவை எளியன. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, செரசோலின் வரலாற்றையும் சுத்த சமாஜத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லலாம். பரிமாற்றத் திட்டங்களின் விண்ணப்பக் காலத்தை அறிந்து, தகுதியுள்ள மாணவரின் பெற்றோரிடம் நேரிற் சென்று பேசலாம். மகளை அயலூர் அனுப்பத் தயங்கும் தாய்க்கு, துண்டு அறிக்கையைவிட ஆசிரியர் வாய்ச்சொல் வலியது. தோட்டங்களில் ஊதியமின்றி இரவுப் பள்ளி நடத்தியோர், மன்றம் வளர்த்தோர் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்தம் நினைவுகளை மாணவரைக் கொண்டு எழுதி வைக்கலாம். தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்ட இந்நாளில், அவ்வேடுகளே அவற்றின் எஞ்சிய சான்றுகளாகும்.

கிள்ளான் துறையில் நம் முன்னோர் இறங்கியபோது அவர்கள் பெயரை மற்றொருவர் பேரேட்டில் எழுதிக்கொண்டனர். அவர்தம் வழிவந்த பிள்ளை, தொண்டர் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதி, அதே துறையினின்றோ அதன் அண்மையிலுள்ள விமான நிலையத்தினின்றோ புறப்படுவானாயின், அது அவன் ஒருவனுடைய பயணமாக மட்டும் இராது. அந்நாளை விரைந்து கொணர்வது நம் கடன்.